அய்யாவின் எடைக்கு ஒரு மெழுகுதிரி

மெழுகுதிரிக் கடையின் தரையில் எடை பார்க்கும் மேடை ஒன்று பதித்திருந்தார்கள். எங்கள் பக்கம் திராட்சைக் கமிஷன் கடைகளில் பெட்டிகளை ஏற்றி நிறுப்பார்களே, அதே மாதிரி. என் தங்கை ராசாத்தி அதன்மேல் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள்.

"செலினு, செருப்பக் கழட்டணுமாடி?"

"கழட்டும்மா. செருப்புக்கும் சேத்தா நேந்துக்கிட்ட?"

செலின் அவள் மகள். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. ஆனால் எடைமேடைக்கு முன்னால் செருப்பைப் பற்றித் தாயும் மகளும் தகராறு செய்வதை அவர் வருஷா வருஷம் பார்த்திருப்பார் என்று பட்டது.

இது நடந்தது இத்தாலியில். தெற்கே சிசிலித் தீவில் கத்தானியா என்றொரு நகரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உச்சியில் பனியும் புகையுமாக ஓர் எரிமலை. அந்த ஊருக்குக் காவலாக இருப்பவர் புனித ஆகத்தம்மாள். நமக்குத் தை முடிகிற சமயத்தில் அந்த அம்மாளுக்குத் திருவிழா. வேண்டுதல் உள்ளவர்கள் தங்கள் எடைக்கு எடை மெழுகுதிரி வாங்கி, பற்றவைத்து, தோளில் சுமந்துகொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். குருவாயூரில் துலாபாரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கொடுப்பதைச் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராசாத்திக்கு இடது மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஊரிலேயே முதியோர் இல்லமொன்றில் நர்ஸாக இருக்கும் செலின்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். இப்போது ராசாத்தி தேறிவிட்டாள். தேறினால் எடைக்கு எடை தருவதாக ஆகத்தம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

மேடையில் முள் ஏறி நின்றது. செலின் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டையும் யாரு தூக்குறது? நேந்தப்ப நீ எப்பிடி இருந்த? ஊதுனாப் பறந்துருவ. அந்த எடைக்குத்தாம்மா கணக்கு."

"அடிப் போடி. தேறுனதுக்குத்தான நேத்தி. தேறுன எடையத்தான் குடுக்கணும்."

"இடது கையால கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காக. நெனப்பிருக்கா?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "நான் சுமக்குறேன்."

ராசாத்தி மேடையிலிருந்து இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல், அடுக்கி வைத்திருந்த திரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தலை முழுகுன ஆளு நீங்க. செத்தவளுக்கு ஏது நேத்தி?"

ஆற்றில் இறங்கியது

"தலை முழுகிவிட்டேன்" என்று கோபத்தில் பலரும் சொல்வார்கள். சொல்வதற்கும் முழுகுவதற்கும் நடுவில் ஓர் ஆறு இருக்கிறது. எங்கள் குடும்பம் அந்த ஆற்றில் இறங்கியது.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் தென்னையும் இருந்தன. ஒரு வயலை அய்யா திராட்சைக்கு மாற்றினார். எங்கள் பக்கத்தில் தகப்பனாரை அய்யா என்போம். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டாயிற்று. கவாத்து அடிக்கத் தெரிந்த ஆள் இல்லை. மலையடிவாரத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றிலிருந்து சவரிமுத்து என்பவரை அழைத்துவந்தார்கள். தலைமுறையாகத் திராட்சை போடும் குடும்பம். எந்தக் கணுவில் வெட்டினால் எந்தக் கொடி காய்க்கும் என்று என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் கெட்டிக்காரி. இரண்டு கவாத்துக்குள் எல்லாம் கற்றுக்கொண்டாள். அவரையும் சேர்த்துத்தான்.

அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தத் தொடங்கியிருந்தேன். நல்ல ஆசிரியன் நான், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஐரோப்பாவில் மதத்தின் பேரால் நடந்த சண்டைகளைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுவேன். அந்த மனிதர்களுடைய குறுகிய புத்தியை எள்ளி நகையாடுவேன். மாணவர்கள் மேசையைத் தட்டுவார்கள். பிறகு சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வந்து, அதே சண்டையை என் வீட்டில் போட்டேன்.

காரணத்தை அலங்கரிக்க விரும்பவில்லை. எனக்கு ஒரு பெரிய வீட்டில் பெண் பேசி முடித்திருந்தது. தங்கை கோயில் மாறிக் கட்டிக்கொண்டாள் என்றால் அந்தச் சம்பந்தம் முறியும். அவ்வளவுதான்.

அய்யா சில நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் சின்னமனூர் போய், அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துவந்தார். பட்டு எடுக்க அந்த வருஷ விளைச்சல் இடம் கொடுக்கவில்லை.

"உள்ள போகாட்டியும் கோயில் வாசல்ல நின்னு குடுத்துட்டு வந்துருவோம்டா. பிள்ள வெறுங்கையோடயா போறது?" என்றார்.

"நீங்க அங்கன போனீகன்னா நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். மகன் வேணுமா அவ வேணுமா, முடிவு பண்ணிக்கங்க" என்றேன்.

அவளுக்குக் கல்யாணம் நடந்த காலையில் முல்லையாற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டோம். முழுகினோம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அவர்கள் கோயில் மணி எங்கள் வயல்வரை கேட்கும். அன்றைக்குக் கேட்டது. அய்யா முழுகி எழுந்தவர், தலையைத் துவட்டாமல் கரையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

இதுவரை சொன்னது நான் செய்ததில் ஒரு பகுதிதான். மிச்சம் இனிமேல்.

கல்யாணம் முடிந்த சில நாளில் நானே போய் அவர்கள் திராட்சைத் தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பந்தலுக்குக் கீழே அவள் நின்றிருந்தாள். இலை நிழல் முகமெல்லாம் விழுந்திருந்தது.

"அய்யா சொல்லிவிட்டாக. உனக்குப் பிறந்த வீடு இல்ல. முழுகியாச்சு" என்றேன்.

"அய்யாவா சொன்னாக?"

"ஆமா."

என் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அய்யா எங்கும் வாய் திறக்கவில்லை. மகளைத் தலை முழுகிய கல் மனசுக்காரன் என்ற பெயரோடு நடமாடினார், அந்தப் பெயரோடே போய்ச் சேர்ந்தார். என்னைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு. "வாத்தியாரு என்ன செய்வாரு பாவம், அப்பன் பேச்சத் தட்டல" என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

அய்யா இறந்த அன்று ராசாத்தி கையில் கோடித் துணியோடு தெருமுக்குவரை வந்தாள். உறவுக்காரர்கள் விடவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

சேலை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. என் மனைவி வருஷம் ஒருமுறை அதை நிழலில் உலர்த்தி, வேப்பிலை வைத்து மடிப்பாள். "இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க" என்பாள். "போகலாம்" என்பேன். போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஊர்க்காரர்

செலின் விடுமுறையில் வந்திருந்தபோது நேரே என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். முகத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் அம்மாவின் நெற்றி.

"நான் செலின். ராசாத்தி மக. நீங்க எனக்குத் தாய்மாமன். காது குத்துக்கு வரல, சடங்குக்கு வரல, அதையெல்லாம் விடுங்க. திருவிழாவுக்கு வாங்க மாமா. எங்கப்பா போனதுல இருந்து அம்மாவுக்குச் சண்ட போடக்கூட ஆள் இல்ல."

சவரிமுத்து சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். அதற்கும் நான் போகவில்லை. அதன்பிறகு செலின் தாயைத் தன்னோடு இத்தாலிக்கே அழைத்துக்கொண்டாள்.

ஞானஸ்நானத்தின்போது என் தங்கைக்கு வைத்த பெயர் ஆகத்தம்மாள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இத்தாலியில் செலினுக்கு வேலை கிடைத்தபோது இரண்டு ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம். "நம்ம அம்மாள் இருக்குற ஊருக்குப் போடி" என்று தாய் சொல்லியிருக்கிறாள்.

என் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். பெட்டியில் சேலையை வைத்துக்கொண்டேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்பதையும் விமானத்திலேயே முடிவு செய்தேன். "பிறந்த வீட்டுச் சேலை" என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம், யார் எடுத்தது என்று அவள் கேட்கப் போவதில்லை. இந்த வயதிலும் என் மூளை அந்த மாதிரிதான் வேலை செய்தது.

நான் போய் இறங்கிய அன்று மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் காட்டி ராசாத்தியிடம் ஏதோ கேட்டார். அவள் "பயேசானோ" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். செலினிடம் அர்த்தம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஊர்க்காரர்னு அர்த்தம் மாமா" என்றாள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் சூடாக இட்லி. குளிருக்கு இரண்டாவது கம்பளி. ஆனால் ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து "அண்ணே" வரவில்லை. "செலினு, காப்பி ஆறுதுன்னு சொல்லு" என்பாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவளுடைய குறும்பு மட்டும் அப்படியே இருந்தது. திருவிழா நாள்களில் அந்த ஊர் மிட்டாய்க் கடைகளில் மார்பு வடிவத்தில் வெள்ளைப் பாகு பூசி, நடுவில் ஒரு பழம் வைத்த பலகாரம் விற்கிறார்கள். முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆகத்தம்மாளை அந்தக் காலத்து அதிகாரி ஒருவன் பணியவைக்கப் பார்த்து, முடியாமல், மார்பை அறுக்கச் சொன்னானாம். அதன் நினைவாகத்தான் அந்தப் பலகாரம். அதனால்தான் மார்பில் நோய் கண்ட பெண்கள் அந்த அம்மாளிடம் போகிறார்கள். தட்டில் இரண்டு வைத்துக் கொடுத்தார் கடைக்காரர். ராசாத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை மகள் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு ஒண்ணு போதும். அம்மாளுக்கு ரெண்டும் போச்சு, எனக்கு ஒண்ணுதான போச்சு."

செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தி மீன்

மெழுகுதிரிக் கடையில் அவள் அப்படிச் சொன்ன மறுநாள் காலை. செலின் வேலைக்குப் போயிருந்தாள். ராசாத்தி சமையலறையில் மத்தி மீன் உரசிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எரிமலை சாந்தமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"ராசாத்தி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. செதிலு தெறிக்கும், தள்ளி நில்லுங்க."

"அன்னைக்கு முழுகணும்னு சொன்னது அய்யா இல்ல. நான்."

கத்தி நின்றது.

"அய்யா உன் கல்யாணத்துக்கு வர்றதா இருந்தாக. உனக்குச் சேலையும் எடுத்தாக. நான்தான் விடல. வேலிக்கிட்ட வந்து அய்யா சொன்னாகன்னு சொன்னேன்ல, அது பொய்."

அவள் கையிலிருந்த மீனை மட்டும் முழுதாக உரசி முடித்தாள். இரண்டு பக்கமும். அலசித் தட்டில் வைத்தாள்.

"அய்யா வர்றேன்னாகளா?"

"ஆமா."

"கோயிலுக்கா?"

"வாசல் வரைக்குமாச்சும் வர்றேன்னாக. வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னாக."

"அவுக செத்தன்னைக்கு முக்குல வந்து நின்னேன். உள்ள விடல, அது பெருசில்ல. எனக்கு அழுகையே வரல. இந்த மனுசனுக்கு நான் ஏன் அழுகணும்னு இருந்துச்சு."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தீகளா?"

"பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன்."

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "வாத்தியாருல்ல? நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கீக" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"இத எங்கிட்டச் சொன்னாப் போதுமா? அங்கன ஊரு பூராம் அய்யாவத்தான வையுது? அத யாரு போயி மாத்துறது?"

"எழுதுறேன். பத்திரிகையில வாரா வாரம் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எழுதுவீக. கடைசியில உங்கள நல்லவராக்கி முடிச்சிருவீக."

"மாட்டேன்."

"பாப்போம்."

எங்கள் உறவுக்காரர்களில் பலர் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். ராசாத்தியைத் தலை முழுகியது நான். அய்யா இல்லை. நீங்கள் இத்தனை வருஷமாகப் பேசியது தவறான மனிதரைப் பற்றி.

பெட்டியிலிருந்து சேலையைக் கொண்டுவந்து மீன் தட்டுக்கு எட்டாத தூரத்தில் மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை. "கை மீன் நாத்தம் அடிக்குது" என்றாள். கையைக் கழுவிய பிறகும் தொடவில்லை. சேலை அந்த மேசையிலேயே கிடந்தது. அதைச் சுற்றித்தான் மூவரும் சாப்பிட்டோம்.

"கைக்குத் தெரியும்ல"

திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"செலினு, அவுகளையும் வரச் சொல்லு. கடைக்குப் போகணும்."

அதே மெழுகுதிரிக் கடை. அவளுடைய திரியை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பேரத்தில் செலின் ஜெயித்திருந்தாள். நோயில் கிடந்தபோதிருந்த எடைக்குத்தான் திரி. ஆனால் ராசாத்தி அதைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருந்த மற்றத் திரிகளின் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா கடைசியில எம்புட்டு இருந்தாக?"

"ரொம்ப வத்திப்போனாக."

"யாரு தூக்குனது?"

"நான்தான். கட்டில்ல இருந்து குளிக்கிற எடத்துக்கு, திரும்பக் கட்டிலுக்கு."

"அப்பக் கைக்குத் தெரியும்ல. தூக்கிப் பாருங்க."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கோட்டைக் கழற்றினேன். கடைக்காரர் ஒரு திரியைத் தோளில் வைக்க வந்தார். வேண்டாம் என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். ஆளைத் தூக்குகிற மாதிரி குறுக்காக வாங்கிக்கொண்டேன். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு.

முதல் திரி கனம் அதிகம். அய்யா அவ்வளவு இல்லை. அடுத்தது மிகவும் இலேசு. செலின் கடைக்காரரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அதன்பிறகு அவர் கேட்காமலேயே ஒவ்வொன்றாக எடுத்துவந்து என் கையில் பூப்போல வைத்தார். வாங்கிக்கொண்டு இரண்டடி நடப்பேன். தலையாட்டுவேன். வாங்கி வைத்துவிட்டு வேறொன்று கொண்டுவருவார்.

தேன்மெழுகு வாசனை மூக்கை அடைத்தது. ஒரு திரி கைக்கு வந்தது. வாங்கிய உடனே என் இடது முழங்கை தானாகக் கொஞ்சம் உயர்ந்தது. அய்யாவின் தலை சரிந்துவிடும் என்று அப்படித்தான் உயர்த்திக்கொள்வேன். அந்தப் பழக்கம் என் கையில் இன்னும் இருந்தது எனக்கே தெரியாது.

"இதுதான்" என்றேன்.

ராசாத்தி பக்கத்தில் வந்தாள். வலது கையைத் திரிக்கு அடியில் கொடுத்து, கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா இருந்தாக?"

திரியைக் கட்டிக்கொடுக்கும்போதுதான் அவள் சொன்னாள்: "எனக்கு நீங்க சுமக்க வேண்டாம். அத செலின் சுமப்பா. நீங்க அய்யாவத் தூக்குங்க. பொய்ய அவுக தலையில ஏத்துனது நீங்கதான?"

"செத்தவுகளுக்கு நேத்தி இல்லன்ன?" என்றாள் செலின்.

"இது நேத்தி இல்லடி. தண்டன."

கறுப்புக் கல் தெரு

திருவிழாக் கூட்டத்தைக் கண்டு நான் மிரளவில்லை. வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டு வளர்ந்தவன். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று காலுக்கே தெரியும். தேர் திரும்பும்போது வடத்தின் உள்வளைவில் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லித்தரும் விஷயம். அங்கேயும் வெள்ளித் தேர் ஒன்றுதான். முன்னால் நீள நீளமாக இரண்டு வடங்கள். வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக ஜனம் அவற்றைப் பிடித்து இழுத்தது. காலையில் சும்மா வேடிக்கை பார்க்கப் போனபோது, தேர் திரும்பும் முனையில் நின்றிருந்த ஒரு சுற்றுலாத் தம்பதியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். வடம் அவர்கள் நின்ற இடத்தை ஒரு வீச்சில் துடைத்துக்கொண்டு போனது. அந்த அம்மா எனக்குக் கை கூப்பினாள்.

தெருவெல்லாம் எரிமலைக் கல் பாவியிருந்தது. கன்னங்கரேல் என்ற கல். அதன்மேல் மெழுகு சொட்டிச் சொட்டி வழுக்கியது. மரத்தூள் தூவியிருந்தார்கள். ஓரத்தில் வறுத்த கொண்டைக்கடலை விற்றார்கள், பொட்டலம் பொட்டலமாக. அந்த வாசனையில் ஒரு கணம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. இறைச்சிக் கடைக்காரர்கள், ரொட்டிக் கடைக்காரர்கள், பழ வியாபாரிகள் என்று ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு மரக் கோபுரம். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்க் காவடிக்காரர்கள் பார்த்தால் ஒரு கை பார்க்காமல் விடமாட்டார்கள்.

எனக்கும் ஒரு வெள்ளை அங்கி. மாடிப்படியில் பார்த்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. அவருக்கு இப்போது முழங்கால் முடியவில்லையாம். என் இடுப்புக் கயிற்றை அவரே முடிந்துவிட்டார்.

சாயங்காலம் திரிகளோடு கிளம்புகிற நேரத்தில் ராசாத்தி சமையலறைக்குள் போனாள். மேசையில் இத்தனை நாள் கிடந்த சேலையை எடுத்துவந்தாள். மடிப்பைப் பிரித்தாள். ஒரு முனையைச் செலினிடம் பிடிக்கச் சொல்லி, முறுக்கி, வட்டமாகச் சுற்றினாள். திராட்சைக் கூடை தூக்குகிற பெண்கள் தலைக்கு வைக்கிற சும்மாடு. பழைய கை மறக்கவில்லை.

"ஐயோ அம்மா, தாத்தா எடுத்த சேல! மெழுகு ஒழுகுமே" என்றாள் செலின்.

"ஒழுகட்டும். அவுகளச் சுமக்க அவுக எடுத்த சேலதான் சரி" என்று அதை என் தோளில் வைத்து அழுத்தினாள். திரியை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

நடந்தோம். முன்னால் செலின், தாயின் திரியோடு. பின்னால் நான். பக்கத்தில் ராசாத்தி, அவளும் வெள்ளை அங்கியில், வலது கையை என் திரியின் அடியில் வைத்துக்கொண்டு.

"அம்மா, கைய எடு!"

"தொட்டுக்கிட்டுத்தான்டி வர்றேன். நீ முன்னாடி பாத்து நட."

சுற்றிலும் வெள்ளைக் கைக்குட்டைகள் படபடத்தன. யாராவது ஒருவர் அடித்தொண்டையில் கத்துவார். "நாமெல்லாம் பக்தர்கள்தானே?" என்று அர்த்தமாம். உடனே தெரு முழுக்க "வீவா சாந்த்தாகதா!" என்று எழும், ஆகத்தம்மாள் வாழ்க என்று. நெஞ்சுக்குள் அதிரும். ஒரு மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. தோள் மரத்துவிட்டது. திரியை இறக்கிவைக்கலாமா என்று பார்த்தேன்.

"இறக்காதீக" என்றாள் ராசாத்தி. "இறக்குனாத் திரும்ப ஏத்த முடியாது. நில்லுங்க. சொமையோட நிக்கலாம், தப்பில்ல."

நின்றேன். சூடான மெழுகு என் கழுத்தருகே சேலையில் விழுந்து உறைந்தது. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்களாயிற்று. இவ்வளவு நேரம் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லாமல் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

"கத்துங்க" என்றாள்.

"என்ன?"

"எல்லாரும் கத்துறாகள்ல, கத்துங்க. கத்துனாத்தான் மேடு ஏறும்."

கத்தினேன். உச்சரிப்பு சரியாக இருந்திருக்காது. மேடு ஏறியது.

வெள்ளித் தேரின் பக்கத்தில் போனதும் மேலே நின்றவர்கள் குனிந்து கை நீட்டினார்கள். செலின் கொடுத்தாள். பிறகு என் முறை. கடையில் வாங்கிய மாதிரியே இரண்டு கைகளிலும் குறுக்காக ஏந்தி, இடது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தி, அய்யாவைக் கட்டிலில் இறக்குகிற நிதானத்தோடு கொடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். என் கை அப்படியே நீட்டியபடி நின்றது.

ராசாத்தி அழுதாள். எனக்காக அல்ல. அன்றைக்குத் தெருமுக்கில் வராத அழுகை அது. நான் பக்கத்தில் நின்றேன். தேற்ற முயலவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை.

பழைய பேப்பர்

வீட்டுக்கு வந்ததும் அவள் என் தோளிலிருந்து சும்மாட்டை எடுத்துப் பிரித்தாள். அரக்கு நிறத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மெழுகு. நான் குற்ற உணர்வோடு ஒரு முனையைப் பிடித்து நகத்தால் சுரண்டப் போனேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"சொரண்டாத. நூலு இத்துக் கெடக்கு. ரெண்டு பக்கமும் பழைய பேப்பர வச்சு இஸ்திரி போட்டாத்தாண்ணே மெழுகு போகும்."

செலின் அடுப்பின் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காதவள் போல, இருந்த செய்தித்தாள்களை எல்லாம் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

ராசாத்தி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். நான் பேப்பர் மாற்றினேன். சூடு பட்டதும் மெழுகு உருகித் தாளில் ஏறும், எண்ணெய் பட்ட மாதிரி எழுத்தெல்லாம் மங்கும். அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைப்பேன். ஒவ்வொரு முழமாகச் சேலை திரும்ப வந்தது.

முந்தானைக் கரையோரம் ஒரு சொட்டு மட்டும் எத்தனை தாள் மாற்றியும் போகவில்லை. இன்னொரு தாளை மடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அது கெடக்கட்டும்" என்றாள்.